கம்யூனிஸ்ட் பயமும் கீழத்தெருவும்

(கோவில்பட்டியில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடியிருந்த அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த கம்யூனிஸ்ட் பயம் உள்நாட்டு அரசியலை என்ன செய்தது என்று பேசச் சொன்னார்கள். இதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும், டெல்லிக்குப் போக வேண்டும். போகலாம். அதற்கு முன்னாடி எங்க பாட்டிகிட்ட இருந்து தொடங்குறேன்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கரிசக்காட்டில் பருத்தி எடுத்தே அவள் காலம் போச்சு. எடுத்த பருத்தியில் ஒரு பங்குதான் கூலி. ஒரு வருசம் பாட்டியோட தம்பி, பங்கைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கன்னு களத்துல நின்னு கேட்டுட்டார். தோளில் கிடந்த துண்டை எடுக்காமலே கேட்டிருக்கார். மறுநாளே கிராம முன்சீப், "அந்தப் பய கம்யூனிஸ்ட் ஆயிட்டான்" என்று எழுதிக் கொடுத்தார். போலீஸ் வந்தது, கூட்டிட்டுப் போனது. பத்து நாள் கழித்து ஆள் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அவரால் பருத்திச் செடிக்குக் குனிய முடியவில்லை. அதுவரைக்கும் அவர் ஒரு செங்கொடியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

நான் காலேஜுக்குப் போன பிறகு பாட்டி என்கிட்ட கேட்டா: "ஏலே, கம்னிஸ்டுன்னா என்னதுலே? என் தம்பிய அதுன்னு சொல்லித்தான அடிச்சாங்க."

அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்கு உங்கள் முன்னால் அந்தப் பதிலைச் சொல்லிப் பார்க்கிறேன்.

தோழர்களே, இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். 1950 பிப்ரவரி 9: அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலம் வீலிங் என்ற ஊரில் ஜோசப் மெக்கார்த்தி என்ற செனட்டர், அரசாங்கத்துக்குள்ளேயே கம்யூனிஸ்டுகள் புகுந்துவிட்டார்கள், என் கையில் பட்டியல் இருக்கிறது என்று பேசினார். உலகம் முழுக்க 'மெக்கார்த்தியிசம்' என்று பேசுகிறார்களே, அதன் தொடக்கம் அந்தப் பேச்சு. 1950 பிப்ரவரி 11: சரியாக இரண்டு நாள் கழித்து, நம்முடைய சேலம் மத்திய சிறையில், அரசியல் கைதிகளாக நடத்தச் சொல்லிப் போராடிய கம்யூனிஸ்டுகள்மேல் துப்பாக்கிச் சூடு. செத்தவர்கள் 22 பேர். பெரும்பாலோர் மலபார் விவசாயிகள். அப்போது மலபார் சென்னை மாகாணத்தில் இருந்தது. குடியரசு பிறந்து பதினாறே நாள். முதல்வர் நம்ம பக்கத்து ராஜபாளையத்துக்காரர், குமாரசாமி ராஜா.

அங்கே பேச்சு, இங்கே துப்பாக்கி. வேலை போச்சு, சினிமாவில் எழுத முடியாமல் போச்சு என்று அமெரிக்க அறிவாளிகள் எழுதிய புத்தகங்களை நாம் படிக்கிறோம். அது அநியாயந்தான். ஆனால் பூட்டின கொட்டடிக்குள்ளே சுட்டதைப் பற்றி நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நியாயமாகப் பேசுவோம். 1948 பிப்ரவரியில் கல்கத்தா மாநாட்டில் கம்யூனிஸ்ட் கட்சி ஆயுதப் போராட்ட வழியை எடுத்தது. தெலங்கானாவில் ஆயுதம் ஏந்தினார்கள். இது மறைக்க வேண்டிய செய்தி இல்லை. 1951ல் கட்சி அந்த வழியைக் கைவிட்டுத் தேர்தலுக்கு வந்துவிட்டது. ஆனால் அதைக் காரணம் காட்டி எழுப்பிய கட்டுமானம் இன்று வரை நிற்கிறது. இங்கே நெல்லைச் சதி வழக்கு நடந்ததே, அதில் நல்லகண்ணு 1949 டிசம்பரில் பிடிபட்டார். போலீஸ் அதிகாரி சிகரெட் நெருப்பால் அவர் மீசையைப் பொசுக்கினார். ஏழு வருசம் சிறை. விசாரணையில் தகவல் வாங்க மீசையை ஏன் பொசுக்கணும்? மீசை யார் வைக்கலாம், யார் வைக்கக்கூடாது என்பது இந்த மண்ணில் பிறந்தவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பயம் நாட்டுக்குள்ளே என்னென்ன வேலை செய்தது என்று பார்ப்போம். நான் நாலு வேலை என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, சிறை. 1950 பிப்ரவரியிலேயே தடுப்புக் காவல் சட்டம் வந்தது. குற்றம் செய்ய வேண்டாம், செய்வான் என்று அதிகாரி நினைத்தால் போதும், உள்ளே போடலாம். அதை எதிர்த்து ஏ.கே. கோபாலன் சென்னைச் சிறையிலிருந்து உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம், ஒரு பிரிவு நீங்கலாகச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு. விசாரணை இல்லாமல் அடைக்க அரசியல் சட்டத்தின் 22ஆவது பிரிவே இடம் வைத்திருந்தது. அண்ணல் அதைச் சில பாதுகாப்புகளோடு கொண்டுவந்தார். அதையும் நாம் மறைக்க வேண்டாம். அந்தச் சட்டம் 1969 முடிய இருந்தது. 1971ல் மிசா, 1980ல் தேசியப் பாதுகாப்புச் சட்டம், 1982ல் தமிழ்நாட்டுக் குண்டர் சட்டம். நடுவில் தடா, பொடா. 1967ல் பிறந்த 'ஊபா' இன்றும் இருக்கிறது. பெயர் மாறியது, கொட்டடி மாறவில்லை. கம்யூனிஸ்டுக்கென்று தைத்த சட்டையை இன்றைக்கு யாருக்கெல்லாம் போட்டுவிடுகிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி. 1951ல் வந்த முதல் அரசியல் சட்டத் திருத்தம் நமக்கு இடஒதுக்கீட்டைக் காப்பாற்றிக் கொடுத்தது என்று படித்திருக்கிறோம். சென்னை மாகாண வகுப்புவாரி ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது, தமிழ்நாடு கொதித்தது, திருத்தம் வந்தது. சரி. அதே திருத்தத்தின் இன்னொரு பாதி என்ன? சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இடதுசாரிப் பத்திரிகை மாகாணத்துக்குள் நுழையத் தடை போட்டது. ரொமேஷ் தாப்பர் வழக்குப் போட்டு 1950 மே மாதம் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பைத் தாண்ட, பேச்சுரிமையைச் சுருக்கும் வரிகளையும் அதே திருத்தத்தில் சேர்த்தார்கள். இரண்டு வழக்கும் சென்னை மாகாணத்து வழக்கு. ஒரு கையால் கொடுத்தார்கள், இன்னொரு கையால் நம்ம வாயைப் பொத்தினார்கள். நாம் முதல் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம்.

இரண்டாவது, கூட்டணி. 1952 தேர்தலில் சென்னைச் சட்டசபையின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152தான். கம்யூனிஸ்டுகளுக்கு 62. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து நாங்கள் ஆட்சி அமைக்கிறோம் என்றார்கள். விட்டார்களா? தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்து முதல்வர் ஆக்கினார். ராஜாஜியும் கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று சட்டசபையிலேயே அறிவித்தார். மெஜாரிட்டி எப்படி வந்தது? காங்கிரசை எதிர்த்து வட மாவட்டங்களில் வன்னிய மக்களின் கோரிக்கைகளோடு ஜெயித்த கட்சிகளில் ஒன்றான காமன்வீல் கட்சியின் மாணிக்கவேல் நாயக்கர் அமைச்சரானார். சாதியைத் திரட்டி வந்தால் மந்திரி பதவி, வர்க்கத்தைத் திரட்டி வந்தால் ஜெயில் என்று அன்றைக்கே பாடம் எழுதிவிட்டார்கள். தமிழ்நாட்டில் சாதிக் கட்சி எங்கிருந்து வந்தது என்று இப்போது மூக்கைச் சுளிக்கிறவர்கள் இந்த 1952ஐத் திருப்பிப் பார்க்கட்டும். அந்த ஆட்சிதான் மறு வருசம் குலக்கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கம்யூனிஸ்ட் பயம் கொண்டுவந்த முதல்வர், செருப்புத் தைக்கிறவர் மகனைச் செருப்புத் தைக்கச் சொன்னார்.

மூன்றாவது, சட்டம். பயம் சில நேரம் நல்லதும் செய்யும். தஞ்சாவூரில் சாணிப்பாலும் சவுக்கடியும் தின்ற பண்ணையாட்கள் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் துணையோடு செங்கொடியின் கீழ் எழுந்தார்கள். அந்த எழுச்சிக்குப் பயந்து, கம்யூனிஸ்டைத் தன் எதிரி என்று சொன்ன அதே ராஜாஜி 1952 ஆகஸ்டில் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் போட்டார். பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றக் கூடாது, கூலி இவ்வளவு என்று எழுதினார்கள். பல மிராசுதார்கள் பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு மாறினார்கள். அது ஒரு பக்கம். நான் கேட்பது, அந்தச் சட்டம் தஞ்சாவூருக்கு மட்டும் ஏன்? நம்ம கரிசலுக்கு ஏன் வரவில்லை? அங்கே வாய்க்கால் பாசனம், நூற்றுக்கணக்கான பண்ணையாட்கள் ஒரே மிராசின் கீழ், திரண்டார்கள். இங்கே மானாவாரி. கம்பும் பருத்தியும் உளுந்தும் மழையை நம்பி. பத்து இருபது ஏக்கர் வைத்திருக்கும் சம்சாரிகள்தான் நிறைய. அவன் காட்டில் வேலை செய்த நம்ம ஆட்கள் ஊருக்குப் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறிக் கிடந்தார்கள். இங்கே எழுச்சியைக் கண்டு யாரும் பயப்படவில்லை. அதனால் சட்டமும் வரவில்லை. என் பாட்டியின் தம்பி மாதிரி தனியாள் எழுந்தால், அதற்குச் சட்டம் எதற்கு? போலீஸ் போதும்.

நாலாவது, தானம். 1951 ஏப்ரல் 18, தெலங்கானாவில் போச்சம்பள்ளி. வினோபா பாவே போகிறார். சேரி மக்கள் எங்களுக்கு 80 ஏக்கர் நிலம் வேண்டும் என்கிறார்கள். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் எழுந்து 100 ஏக்கர் தருகிறேன் என்கிறார். பூமிதான இயக்கம் அப்படித்தான் பிறந்தது. கேட்டது 80, கொடுத்தது 100! தருமம் செழித்த நாடு என்று மெய்சிலிர்ப்பவர்கள் ஒன்றை யோசிக்கணும். அதே தெலங்கானாவில் அதே வருசங்களில் செங்கொடியோடு நின்று நிலம் எடுத்தவனைச் சுட்டார்கள். கைநீட்டி நின்றவனுக்குப் புகழோடு கொடுத்தார்கள். நிலத்தைவிட நாம் நிற்கிற நிலைதான் அவர்களுக்கு முக்கியம்.

இந்த நாலையும் சேர்த்துப் பாருங்கள். பயந்தது எதற்கு என்று தெரியும். மார்க்சின் 'மூலதன'த்தை எந்தப் பண்ணையார் படித்தார்? ஸ்டாலின் வந்து நம்ம கம்மாயைப் பிடுங்குவார் என்று எந்த முன்சீப் பயந்தார்? களத்துமேட்டில் துண்டை எடுக்காமல் ஒருத்தன் நின்றானே, அதுதான் பயம்.

வெண்மணியில் இது ஒளிவு மறைவில்லாமல் வெளியே வந்தது. 1968 டிசம்பர் 25. கூலியில் கொஞ்சம் நெல் கூடக் கேட்டார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்த மிராசுதார்கள் என்ன சொன்னார்கள்? செங்கொடியை இறக்கு, எங்க சங்கத்தில் சேரு. இறக்க மாட்டோம் என்றார்கள். ஒரே குடிசையில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமாக 44 பேரை எரித்தார்கள். 1973ல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பெரிய மனிதர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைப்பார்கள் என்று நம்ப முடியவில்லையாம். அந்தக் கொடியை வேறு சாதிக்காரன் மட்டும் பிடித்திருந்தால் எரித்திருப்பார்களா? செத்த 44 பேரும் தலித்துகள். பயந்தது கொடிக்கா, கொடியைப் பிடித்த கைக்கா?

இங்கே தோழர்கள் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. "கம்யூனிஸ்டுக்கு வக்கீல் வேலை பார்க்கிறீரா? அவங்க நமக்கு என்ன செய்தாங்க?" நியாயமான கேள்வி. பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

நம்ம கோவில்பட்டியையே எடுத்துக்கொள்வோம். 1967 முதல் 2001 வரை ஏழு முறை இந்தத் தொகுதியில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி ஜெயித்திருக்கிறது. அதில் ஐந்து முறை சோ. அழகர்சாமி. எளிமையான மனிதர், சம்சாரிகளுக்காக நின்றவர். மில் தொழிலாளிக்குச் சங்கம் கொடுத்தார்கள். அதை யாரும் மறுக்கக் கூடாது. ஆனால் கட்சி ஜெயித்த ஊர்களிலும் டீக்கடையில் ரெட்டை டம்ளர் இருந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு விடியக்காலையில் வேன் ஏறிப் போன பிள்ளைகளில் நம்ம பிள்ளைகள் எத்தனை! செங்கொடி கட்டிய வீட்டுத் திண்ணையில் நம்ம ஆள் உட்கார முடிந்ததா? வெண்மணியைக்கூட வெகுகாலம் கூலிப் போராட்டம் என்றுதான் எழுதினார்கள், சாதியை ஓரத்தில் வைத்தார்கள். பின்னாளில் நிலைமை கொஞ்சம் மாறியது. 2008ல் உத்தப்புரம் சுவரை இடிக்க மார்க்சிஸ்ட் கட்சி நின்றது. பிந்தி வந்தாலும் வந்தது நல்லதுதான்.

இதில் ஒரு விசயம் பாருங்கள். இந்தத் தொகுதியில் சாதி இந்துச் சம்சாரியே கம்யூனிஸ்டுக்கு ஓட்டுப் போட்டான், பயப்படவில்லை. கம்யூனிஸ்ட் என்ற பேருக்கு இங்கே பயம் போய்விட்டது. 1991ல் சோவியத் யூனியனும் இல்லாமல் போனது. அப்புறமாவது பயம் தீர்ந்திருக்க வேண்டாமா?

1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். இங்கிருந்து கூப்பிடு தூரம். படித்த பிள்ளைகள், வளைகுடா நாடுகளில் சம்பாதித்து வந்த பணத்தில் கட்டிய மச்சு வீடுகள். பட்டப்பகலில் நூற்றுக்கணக்கான போலீசார் இறங்கினார்கள். டி.வி.யை உடைத்தார்கள், பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் எரித்தார்கள், குடிக்கிற கிணற்றில் விஷம் கலந்தார்கள். அப்போது சொன்ன பேர் கம்யூனிஸ்ட் இல்லை. 'தீவிரவாதி', 'வன்முறையாளன்'. நாலு வருசம் கழித்து, 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளிகளுக்காகப் புதிய தமிழகம், த.மா.கா., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் சேர்ந்து நெல்லையில் ஊர்வலம் போனார்கள். தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. பேர் எதுவானாலும் அடி விழுகிற முதுகு ஒன்றுதான்.

இந்த இடத்தில்தான் நமக்கு ஒரு ஆசை வரும். "நாங்க அவங்க இல்லைங்கய்யா, நாங்க சட்டப்படி நடக்கிறவங்க, நக்சலைட்டுகளுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை" என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று. போன மாதம் ஒரு கல்லூரித் தம்பி வந்தான். விடுதிச் சாப்பாட்டைப் பற்றித் துண்டறிக்கை கொடுத்திருக்கான். கூப்பிட்டு "நீ நக்சலாடா?" என்று கேட்டிருக்கிறார்கள். "இல்லைண்ணே, அம்பேத்கர் படத்தைக் காட்டி நாங்க இவரு ஆளுங்கன்னு சொன்னேன், விட்டுட்டாங்க" என்றான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதில் எவ்வளவு நாளைக்குக் காப்பாற்றும்?

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இதை அனுபவித்துப் பார்த்துவிட்டார்கள். அவர்களுடைய மிகப் பெரிய அமைப்பு என்.ஏ.ஏ.சி.பி. 1950ல் கம்யூனிஸ்டுகளை எங்களுக்குள் சேர்க்க மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. அதே வருசம் பாடகர் பால் ராப்சனின் பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்கள். 1958 வரை திருப்பித் தரவில்லை. அந்த அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான டுபாய்சை, எண்பது வயதைத் தாண்டிய கிழவரை, 1951ல் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். அமைப்பு ஒதுங்கி நின்றது. ஒதுங்கியதால் பிழைத்ததா? 1956ல் அலபாமா மாநிலம் அந்த அமைப்பையே இயங்க விடாமல் தடுத்தது. தென் மாநிலத்து நிறவெறியர்கள் அதையும் கம்யூனிஸ்ட் என்றுதான் சொன்னார்கள். 1963ல் மார்ட்டின் லூதர் கிங்கின் டெலிபோனை உளவுத் துறை ஒட்டுக் கேட்டது. காரணம்? பக்கத்தில் கம்யூனிஸ்ட் இருக்கிறானாம். நம்ம ஊரிலும் உண்டு: வெள்ளைக்காரன் அடக்குமுறை வந்தபோது பெரியார் 1935ல் சமதர்மத் திட்டத்தை நிறுத்தி வைத்தார், ஜீவானந்தம் போன்றவர்கள் பிரிந்து போனார்கள். இயக்கத்தைக் காப்பாற்ற என்றார் பெரியார். காப்பாற்றியது எவ்வளவு, இழந்தது எவ்வளவு என்று இன்னும் கணக்குப் பார்க்கலாம்.

அப்படியானால் கம்யூனிஸ்டுகளோடு நமக்குச் சண்டையே இல்லையா? இருக்கு, நிறைய இருக்கு. எப்படிச் சண்டை போடுவது என்று அண்ணலிடம் கற்றுக்கொள்ளலாம். 1938 நவம்பர் 7, பம்பாயில் தொழிலாளர்களின் வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தினார். 1952 தேர்தலில் அவர்களே அவர் தோற்கக் காரணமானார்கள் என்று வழக்கே போட்டார். 1956 நவம்பர் 20, சாவதற்குப் பதினாறு நாள் முன்னால், காட்மாண்டுவில் புத்தரையும் மார்க்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார். சுரண்டல் ஒழிய வேண்டும் என்பதில் ஒற்றுமை, வன்முறையும் சர்வாதிகாரமும் கூடாது என்பதில் வேறுபாடு. சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தார், எதிர்க்க வேண்டிய இடத்தில் பேர் சொல்லி எதிர்த்தார். அந்த எதிர்ப்பில் பண்ணையாரின் பயம் கலக்கவில்லை. நம்ம சண்டையும் அப்படி இருக்கணும். சாதியை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டு அவர்களோடு சண்டை போடுவோம். முன்சீப் எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு போய்ச் சண்டை போடக் கூடாது.

இன்றைக்கு அந்தச் சீட்டில் எழுதும் பேர் 'நகர்ப்புற நக்சல்'. 2018 பீமா கோரேகான் வழக்கைப் பாருங்கள். மகர்களின் வீர நினைவு நாளில் கூடியவர்கள்மேல் தாக்குதல். முடிவில் மாவோயிஸ்ட் சதி என்று உள்ளே போனவர்கள் யார்? அம்பேத்கர் குடும்பத்து மருமகன், தலித் அறிஞர் ஆனந்த் தெல்தும்ப்டே. அவர் சரணடைந்தது 2020 ஏப்ரல் 14, அண்ணல் பிறந்த நாள். 'அம்பேத்கர் ஆளு' என்ற பதில் அவரைக் காப்பாற்றியதா? இரண்டரை வருசம் கழித்துத்தான் ஜாமீன். நம்ம திருச்சிப் பக்கத்தில் பிறந்து ஜார்க்கண்ட் பழங்குடிகளோடு வாழ்ந்த பாதிரியார் ஸ்டேன் சாமி, கை நடுக்க நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சு குவளைக்காக மனுப் போட்டார். 2021 ஜூலை 5, எண்பத்து நாலு வயதில், விசாரணைக் கைதியாகவே செத்தார். 1950ல் கம்யூனிஸ்டை விசாரணை இல்லாமல் அடைத்தபோது நமக்கென்ன என்று இருந்த நாடு, எழுபது வருசம் கழித்து அதே வாசலில் ஒரு பாதிரியாரையும் ஒரு தலித்தையும் நிறுத்தியது.

தோழர்களே, முடித்துவிடுகிறேன். "நீ கம்யூனிஸ்டா?" "நீ நக்சலா?" என்று கேட்கிறவனுக்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லுவது நம்ம வேலை இல்லை. "நான் கேட்டது கூலி, நான் கேட்டது விடுதிச் சோறு, அதுக்குப் பதில் சொல்லு" என்று திருப்பிக் கேட்பதுதான் நம்ம வேலை. பக்கத்தில் இன்னொருத்தனை அந்தப் பேர் சொல்லி இழுத்துப் போகும்போது, அவன் நம்ம கட்சி இல்லை, நம்ம சாதி இல்லை என்று கதவைச் சாத்தாமல் இருப்பதும் நம்ம வேலை.

பாட்டி இப்போது இல்லை. இருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: "கம்னிஸ்டுன்னா ஒரு கட்சி பாட்டி. நல்லதும் செஞ்சிருக்கு, நம்மளப் பார்க்காமலும் போயிருக்கு. ஆனா உன் தம்பிய அடிச்சது அதுக்காக இல்ல. துண்ட எடுக்காம நின்னாரே, அதுக்குத்தான்."